முன்பள்ளியையும் டேகெயாரையும் ஒன்றாக்கி மாலை வரை நடத்தலாமா?

வரம்புக்காரி (தொடக்கப் பதிவு)

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் முன்பள்ளி எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடியும். அதே வளவில் கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் கட்டித் தந்த பகல் பராமரிப்பு நிலையம், அதாவது டேகெயார், நிற்கிறது. சின்னப் பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற கை கழுவும் தொட்டி, சுவரில் யானையும் மயிலும், மூலையில் சுருட்டி வைத்த பாய்கள். ஆள் வைக்கத்தான் காசில்லை. நிறுவனம் போன கையோடு பூட்டுப் போட்டாயிற்று.

பதினொன்றரைக்கு வெளியே வரும் பிள்ளை எங்கே போகும்? கச்சான் பிடுங்கும் காலம் என்றால் தாயோடு தோட்டத்துக்கு. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்கு. அதுவும் சரிவராவிட்டால், ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு அக்காக்காரி வரும் வரை வாசலில்.

இரண்டு கட்டடமும் ஏன் சேரவில்லை என்று விசாரித்தால் பதில் இதுதான்: முன்பள்ளி அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு மாகாணத்துக்குப் போன விடயம், வலயக் கல்வி அலுவலகம் பார்க்கும். பகல் பராமரிப்பைப் பிரதேச செயலகத்தில் இருக்கும் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் பார்ப்பார், அவர் மத்திய அமைச்சின் ஆள். ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் காட்டுகிறார்கள். இரண்டையும் ஒரே சேவையாக்கிக் காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை அரச செலவில் நடத்த வேண்டும் என்று எங்கள் மாதர் சங்கம் மனு எழுதப் போகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். எதிர்ப்பவர்களும் எழுதுங்கள்.

முன்பள்ளி ரீச்சர்

தங்கச்சி, மனு நல்லதுதான். ஆனால் ஐந்து மணி வரை யார் நிற்பது என்று அதில் ஒரு வரியும் இல்லையே. எங்களுக்குக் கிடைப்பது கொடுப்பனவு, சம்பளம் அல்ல. நிரந்தர நியமனம் இல்லை, ஓய்வூதியம் இல்லை. பெற்றோர் தரும் மாதக் கட்டணத்தைச் சேர்த்தாலும் கடைக் கடன் தீராது. பதினொன்றரைக்குப் பிறகு கோழியும் தையலும் பார்த்துத்தான் என் வீடு ஓடுகிறது. அந்த நேரத்தையும் 'சேவை' என்று எழுதி வாங்கிவிட்டால் நான் எங்கே போவேன்?

இன்னொன்று. போருக்குப் பிறகு சிவில் பாதுகாப்புத் திணைக்களம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் முன்பள்ளிகளை நடத்தியது. அங்கே சேர்ந்த ரீச்சர்மாருக்கு எங்களைவிடப் பல மடங்கு சம்பளம். வீட்டுக் கஷ்டத்துக்குப் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று வயதுப் பிள்ளை எழுத்துப் பழகுவதற்குப் பாதுகாப்பு அமைச்சின் காசு ஏன் என்று அப்போதே கேட்டோம். நீங்கள் 'அரச செலவில்' என்று பொதுவாக எழுதினால் எந்தப் பையிலிருந்து என்று திரும்பவும் கேட்கத்தான் வேண்டும்.

மாங்குளத்தான்

மூன்று வயதுப் பிள்ளையைப் பத்து மணித்தியாலம் ஒரு கட்டடத்துக்குள் வைத்திருக்க மனு எழுதுகிறீர்கள். அதை யாரும் கேள்வியாகவே எடுக்கவில்லை. பிள்ளை வளர்வது அம்மம்மா மடியில், சித்தியின் இடுப்பில். அதை விட்டுவிட்டு வருகைப் பதிவேட்டில் வளர்க்கலாம் என்கிறீர்கள்.

ஏழிலிருந்து ஐந்து என்பது யாருடைய நேரம் என்றும் யோசியுங்கள். ஆடைத் தொழிற்சாலை விடியப்புறம் பஸ் அனுப்பித் தாயை ஏற்றுகிறது, பொழுதுபட இறக்குகிறது. அவளை அங்கே இருத்தி லாபம் எடுப்பவன்தான் பிள்ளையைப் பார்க்கும் செலவையும் கட்ட வேண்டும். அதை அரசாங்கம் ஏற்றுக்கொண்டால் அது தொழிற்சாலைக்குக் கொடுக்கும் மானியம். பெயர் மட்டும் பிள்ளைக்கு.

தையல்மெசின்

மாங்குளத்து அண்ணை, எங்கள் ஒழுங்கைக்கு ஒருமுறை வந்து எத்தனை அம்மம்மா மிச்சம் என்று பாருங்கள். 2009க்குப் பிறகு எங்கள் பதிவு அட்டையில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் இருப்பது என் பெயர்தான். மடி இருந்தால் நான் இந்த விவாதத்துக்கே வந்திருக்க மாட்டேன்.

தொழிற்சாலை கட்டட்டும் என்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, கட்டத்தான் வேண்டும். ஆனால் தொழிற்சாலையின் டேகெயார் என்றால் நான் வேலையை விட்ட அன்றைக்கே பிள்ளையின் இடமும் போய்விடும். மேற்பார்வையாளர் கத்தினால் வாய் திறக்க முடியுமா? கச்சான் பிடுங்கப் போகிறவளுக்கும், கடலில் இருந்து வரும் மீனைத் தரம் பிரிக்கிறவளுக்கும் எந்த முதலாளி கட்டுவான்?

மத்தியானம் பிள்ளை என்ன படிக்கிறது என்றெல்லாம் நான் தொழிற்சாலைத் தையல் லைனில் இருந்து யோசிப்பதில்லை. யோசிப்பது பக்கத்து வளவில் இருக்கும் கட்டில்லாத கிணற்றை.

ஸ்காபரோ அண்ணை

இங்கே ஒன்ராறியோவில் செய்ததைச் சொல்கிறேன், எடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். 2010 செப்டெம்பரில் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு முழுநாள் பாலர் வகுப்பைத் தொடங்கினார்கள். ஒரேயடியாக இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. 2014இல்தான் எல்லாப் பள்ளிக்கும் வந்தது. வகுப்பில் ஓர் ஆசிரியர், கூடவே முன்பிள்ளைப் பருவக் கல்வி படித்த ஒருவர். பள்ளி விட்ட பிறகும் பிள்ளை அதே கட்டடத்திலேயே நிற்கலாம், ஆனால் அந்த நேரத்துக்குப் பெற்றோர் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். பஸ்ஸில் ஏற்றி இன்னொரு இடத்துக்கு அனுப்பும் வேலை இல்லை. என் பேத்திக்கு ஒரே கொழுவி, ஒரே பை, காலையிலிருந்து மாலை வரை.

முன்பள்ளி ரீச்சர்

அந்த இரண்டு பேருக்கும் ஒரே சம்பளமா அண்ணை?

ஸ்காபரோ அண்ணை

இல்லை ரீச்சர். ஆசிரியருக்கு நன்றாகக் கூட. மற்றவர்களுக்கு அதில் இன்றைக்கும் மனக்குறைதான்.

முன்பள்ளி ரீச்சர்

நினைத்தேன்.

கணக்குக்கொப்பி

நான் சில காலம் அமெரிக்காவில் ஒரு பிள்ளைகள் நிலையத்தில் கணக்கு எழுதியவன். 'இரண்டையும் சேர்ப்போம்' என்று சொல்வது சுகம். சேர்ந்த பிறகு கணக்கு எழுதுகிறவன் படும் பாட்டைக் கேளுங்கள்.

அங்கே ஹெட் ஸ்டார்ட் என்று ஒரு திட்டம். 1965இல் வறிய வீட்டுப் பிள்ளைகளுக்காக எட்டு வாரக் கோடைத் திட்டமாகத் தொடங்கியது. பிறகு ஆண்டு முழுவதும் என்று வளர்ந்தாலும் பல இடங்களில் அரைநாளோடு முடிந்துவிடும். தாய் வேலைக்குப் போகிறவள் என்றால் மிச்ச நேரத்துக்குப் பராமரிப்பு மானியம். அது 1990இல் வந்த வேறு சட்டம், மாநிலங்கள் வழியாக வரும் வேறு காசு. சாப்பாட்டுக்கு மூன்றாவது பை, அது விவசாயத் திணைக்களத்தினுடையது. ஒரு பிள்ளை, ஒரு பாய், மூன்று கணக்கு. ஒரே ரீச்சர் ஒரே கதிரையில் இருந்தபடியே காலையில் ஒரு திட்டத்தின் ஊழியர், பின்னேரம் இன்னொன்றின் ஊழியர். அவருடைய நேரத்தை நான் பிரித்து எழுத வேண்டும். கடதாசி வாங்கினாலும் இத்தனை வீதம் அதற்கு, இத்தனை வீதம் இதற்கு.

அதுகூடப் பரவாயில்லை. ஹெட் ஸ்டார்டில் வீட்டு வருமானத்தைப் பார்த்துச் சேர்த்தால் அந்தப் பிள்ளைக்கு ஆண்டு முடியும் வரை இடம் உண்டு. மானியமோ தாயின் வேலையோடு கட்டப்பட்டது. தாய்க்கு வேலை போனால் மானியம் நிற்கும். அப்போது காலையில் எங்களிடம் விளையாடும் அதே பிள்ளையை மத்தியானத்தோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டிவரும். 2014இல்தான் சட்டத்தைத் திருத்தி, ஒருமுறை தகுதி கிடைத்தால் குறைந்தது 12 மாதத்துக்கு என்று ஆக்கினார்கள்.

ஆகவே மனுவில் இரண்டை மறக்காமல் போடுங்கள். ஒரே பதிவேடு, ஒரே கணக்கு. பிள்ளையின் இடம் தாயின் சம்பளச் சீட்டோடு கட்டப்படக் கூடாது. தையல்மெசின் தங்கச்சி தொழிற்சாலையைப் பற்றிச் சொன்ன பயமும் இதுதான்.

மாங்குளத்தான்

வெளிநாட்டுக் கதை என்றால் எனக்கும் கொஞ்சம் தெரியும். முன்பள்ளியின் பலனுக்கு எல்லோரும் மேற்கோள் காட்டும் பெர்ரி முன்பள்ளி அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1962 முதல் 1967 வரை நடந்தது. ஆய்வில் இருந்தது மொத்தம் 123 பிள்ளைகள். அதில் முன்பள்ளிக்குப் போனவர்கள் எவ்வளவு நேரம் அங்கே இருந்தார்கள் தெரியுமா? காலையில் இரண்டரை மணித்தியாலம். கூடவே ரீச்சர் வாரம் ஒருமுறை பிள்ளையின் வீட்டுக்குப் போவார். பத்து மணித்தியாலம் அல்ல.

பக்கத்தில் கனடாவின் கியூபெக்கில் 1997இல் நாளுக்கு ஐந்து டொலர் என்று பராமரிப்பை மலிவாக்கினார்கள். தாய்மார் வேலைக்குப் போவது கூடியது, ஒத்துக்கொள்கிறேன். அதோடு பிள்ளைகளின் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாக மூன்று பொருளியலாளர்கள் 2008இல் ஆய்வு வெளியிட்டார்கள். மணித்தியாலத்தை நீட்டினால் நன்மையும் நீளும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஸ்காபரோ அண்ணை

கியூபெக் கதையை முழுதாகச் சொல்லுங்கோ தம்பி. இடம் கேட்டு வந்தவர்கள் அதிகம், பயிற்சி பெற்ற ஊழியர்கள் குறைவு. நல்ல நிலையத்துக்குப் போன பிள்ளை வேறு, இடம் கிடைத்தால் போதும் என்று சேர்ந்த பிள்ளை வேறு.

தையல்மெசின்

அந்த இரண்டரை மணித்தியாலத்துக்குப் பிறகு பெர்ரிப் பிள்ளைகள் கட்டில்லாத கிணற்றடிக்குப் போகவில்லை அண்ணை. வாரம் ஒருமுறை ரீச்சர் வீட்டுக்கு வருவார் என்கிறீர்கள். எங்கள் ரீச்சருக்கு அதற்குச் சம்பளம் யார் கொடுப்பது? பயன்படும் பாதியை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்து காட்டுகிறீர்கள்.

மலைவேர்

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. நீங்கள் கனடா, அமெரிக்கா என்று சுற்றுகிறீர்கள், முழுநாள் பராமரிப்பு இந்த நாட்டிலேயே பழைய சங்கதி. தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை மடுவம் என்று ஒன்று உண்டு. கொழுந்துக்குப் போகும் தாய் காலையில் பிள்ளையைக் கொண்டு போய் விடுவாள், இடையில் வந்து பால் கொடுப்பாள், மாலையில் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போவாள். பிற்காலத்தில் அவற்றைச் சிறுவர் அபிவிருத்தி நிலையமாக மாற்றி, பயிற்சி பெற்ற உத்தியோகத்தரை வைத்து, கைக்குழந்தையையும் முன்பள்ளி வயதுப் பிள்ளையையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கத் தொடங்கினார்கள்.

அதற்காக எல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. என் அம்மா அதைச் சிறையைப் போல நினைவு வைத்திருக்கிறார், ஆயா ஒருத்தி, பிள்ளைகள் ஏராளம், புகை. தோட்டம் நடத்தியது தாயின் கை கொழுந்தில் நிற்க வேண்டும் என்பதற்காக. அந்த வகையில் மாங்குளத்தார் தொழிற்சாலையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் இங்கே வந்த பிறகு அதே அம்மா கூலிக்குப் போனபோது, எங்களை வயல் கரையில் மரத்தில் ஏணை கட்டிப் போட்டுவிட்டுப் போனார். அப்போது மடுவம் இல்லையே என்று ஏங்கியதாகவும் சொல்வார்.

முன்பள்ளி ரீச்சர்

மலைவேர் தம்பி எழுதிய பிறகு நானும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். முழுநாள் என்றால் காலை வகுப்பை இழுத்து நீட்டுவது அல்ல. சாப்பிட வைக்க வேண்டும், தூங்க வைக்க வேண்டும், நனைத்த பிள்ளைக்கு உடுப்பு மாற்ற வேண்டும். ஆவணி மாதம் தகரக் கூரையின் கீழ் மத்தியானம் ஒரு மணிக்கு இருந்து பார்த்தீர்களா? பெரியவர்களுக்கே தலை சுற்றும். தூங்கும் அறைக்கு ஓடோ சீலிங்கோ வேண்டும்.

சாப்பாட்டைப் பாருங்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் முன்பள்ளி உணவுக்கு ஒரு பிள்ளைக்கு 60 ரூபாவாக இருந்ததை 100 ரூபாவாகக் கூட்டினார்கள். அது காலை உணவுக்கு. பயறோ கடலையோ அவித்துக் கொடுப்பதற்கு. மத்தியானச் சோற்றுக்கு யார் தருவது? தாய்மார் கட்டிக் கொடுத்தனுப்பும் சோறு இந்த வெயிலில் பன்னிரண்டரை வரை கெடாமல் இருக்குமா?

என் நிபந்தனை இதுதான். காலைக்கு ஒருவர், பின்னேரத்துக்கு வேறொருவர், இடையில் ஒரு மணித்தியாலம் இருவரும் சேர்ந்து. பின்னேரத்து ஆளுக்கும் என் பயிற்சி, எனக்கும் அவருக்கும் ஒரே சம்பளம். நானே ஐந்து மணி வரை என்றால் உங்கள் மனுவுக்கு எதிராக நானே முதல் கடிதம் எழுதுவேன்.

வரம்புக்காரி

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, மனுவை மாற்றி எழுதுகிறோம். 'ஏழிலிருந்து ஐந்து' என்பது திறந்திருக்கும் நேரம். எல்லாப் பிள்ளையும் அவ்வளவு நேரம் இருக்க வேண்டியதில்லை, அம்மம்மா உள்ள வீட்டார் பதினொன்றரைக்கே கூட்டிப் போகட்டும். இரண்டு ஆள், ஒரே சம்பளம். மத்தியானச் சோறு அங்கேயே சமைப்பது, சமையலுக்கு ஊரில் ஒரு பெண்ணுக்கு வேலை. ஒரே பதிவேடு, கணக்கு அண்ணை சொன்னபடி. சம்பளக் காசு கல்வித் திணைக்களம் வழியாக மட்டும், வேறு எந்தத் திணைக்களம் வழியாகவும் வேண்டாம் என்றும் எழுதுகிறோம்.

முழு மாவட்டத்துக்கும் என்று கேட்டால் கோப்பு தூங்கிவிடும். எங்கள் வளவில் இரண்டு கட்டடமும் ஏற்கனவே நிற்பதால் இங்கே ஓராண்டு நடத்திப் பார்க்கும்படி கேட்கிறோம்.

முன்பள்ளி ரீச்சர்

பின்னேரம் பிள்ளை விழுந்து பல் உடைந்தால் எந்த அலுவலகத்துக்கு அறிவிப்பது? இப்போது முன்பள்ளி விட்ட பிறகு நடப்பதற்கு நான் பொறுப்பில்லை என்கிறார்கள், கேட்டுக்கு வெளியே நடந்தாலும் ஊர் என்னைத்தான் கேட்கிறது.

வரம்புக்காரி

அதற்கு இரண்டு அலுவலகமும் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்று போடுகிறோம் ரீச்சர். அது வராமல் பூட்டைத் திறக்க மாட்டோம்.

மாங்குளத்தான்

பதினொன்றரைக்குக் கூட்டிப் போகலாம் என்று போட்டது நல்லது. ஆனாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேலை கொடுக்கிறவனும் பங்கு கட்ட வேண்டும் என்ற வரியைக் காணவில்லை.

தையல்மெசின்

அந்த வரியை நானும் கேட்கிறேன் அண்ணை. ஆனால் அவன் கட்டும் காசு நேரே நிலையத்துக்கு வரக் கூடாது, பிரதேச சபைக்கோ மாகாணத்துக்கோ போய் வரட்டும். எந்தப் பிள்ளை எந்தத் தொழிற்சாலைக்காரியுடையது என்று அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை.

மாங்குளத்தான்

அப்படி எழுதிக் காட்டுங்கள், பிறகு பார்ப்போம்.