அம்மா ராத்திரி 2 மணிக்கு சிபாப் மாஸ்கைக் கழற்றிவிடுகிறார்: எதை முதலில் சரிசெய்வது?

மஞ்சக்குப்பம்_மகள்

வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. போன மாதம் ஸ்லீப் டெஸ்ட்டில் ஏஎச்ஐ (தூக்கத்தில் மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண்) 38 வந்தது. டாக்டர் சிபாப் (தொண்டை அடைக்காதபடி மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் மெஷின்) எழுதிக்கொடுத்தார். ரெஸ்மெட் கம்பெனியின் ஆட்டோ மெஷின், அழுத்தம் 4–20 (செ.மீ. தண்ணீர் அளவு), ரேம்ப் (அழுத்தம் மெதுவாக ஏறும் நேரம்) 45 நிமிடம், மூக்கை மட்டும் மூடும் மாஸ்க். 12 நாளாகப் போடுகிறார். 10 மணிக்குப் போட்டால் 2 மணி வாக்கில் கழற்றி வைத்துவிட்டு விடியும்வரை அப்படியே தூங்குகிறார்.

காலையில் ஸ்லீப் ரிப்போர்ட்டில் ஏஎச்ஐ 9, லீக் 41 என்று காட்டுகிறது. மாஸ்க் சீலுக்குச் சிவப்பு முகம். போட்ட முதல் அரைமணி நேரம் மூச்சு பத்தவில்லை என்கிறார். நடுராத்திரியில் காற்று கண்ணில் அடிக்கிறது, எழுந்தால் வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொள்கிறது, காலையில் வயிறு உப்புசம். ஏசி 22-ல் ஓடும். ஹியூமிடிஃபையரை (காற்றில் ஈரம் சேர்க்கும் தண்ணீர்த் தொட்டி) 6-ல் வைத்து ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறோம். டியூபுக்குள் களகளவென்று தண்ணீர் சத்தம் வேறு.

லீக் ஆகிறதே என்று வாரை இறுக்கினேன். மூக்குத்தண்டில் சிவந்து தழும்பானதுதான் மிச்சம், லீக் குறையவில்லை. மெஷின் விற்ற கடையில் கேட்டால் "பழகிடும்" என்கிறார்கள். அம்மா மூக்குத்தி போட்டிருக்கிறார், கழற்ற மாட்டார். இத்தனையில் எதை முதலில் தொடுவது?

முத்தியால்பேட்டை_டெக்

வணக்கம் மேடம். முதலில் லீக். அதைச் சரிசெய்யாமல் மற்ற எதைத் தொட்டாலும் வீண்.

ரெஸ்மெட் மெஷின் காட்டும் லீக் எண்ணில், மாஸ்கின் துளைகள் வழியாக வெளியேற வேண்டிய காற்று சேராது. அதைக் கழித்துவிட்டு, போகக் கூடாத இடத்தில் போவதை மட்டும்தான் காட்டும். நிமிடத்துக்கு 24 லிட்டர் வரை மெஷின் சமாளிக்கும். 41 என்றால் மூச்சு நின்றதா ஓடுகிறதா என்பதையே அதனால் சரியாகப் பிரித்தறிய முடியாது. ஆகவே அந்த ஏஎச்ஐ 9 என்பதை இப்போதைக்கு நம்பவும் வேண்டாம், அதைப் பார்த்துக் கவலைப்படவும் வேண்டாம்.

2 மணிக்கு ஏன் கழற்றுகிறார் என்பதற்கும் விடை பெரும்பாலும் இதில்தான் இருக்கும். கனவு வரும் தூக்கக் கட்டம் ராத்திரியின் பின்பாதியில்தான் நீளும். அந்தக் கட்டத்தில் தொண்டைத் தசைகள் மிகவும் தளர்ந்துபோவதால் அடைப்பும் கூடும். ஆட்டோ மெஷின் அதற்கேற்ப அழுத்தத்தை ஏற்றும். 7-ல் தாங்கிய சீல் 13-ல் தாங்காது. காற்று கண்ணில் அடித்து எழுப்பிவிடுகிறது, எழுந்தவர் கழற்றுகிறார். இதில் மனஉறுதிக் குறைவு எதுவும் இல்லை, அம்மாவிடம் அதையும் சொல்லுங்கள். ஆனால் அவருக்கு மெஷின் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அது கட்டிலோரம் சும்மா கிடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாரை இறுக்கினால் ஏன் லீக் நிற்கவில்லை? குஷனின் (மாஸ்கில் முகத்தைத் தொடும் சிலிக்கான் பகுதி) விளிம்பை விரலால் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலான மூக்கு மாஸ்கில் மெல்லிய சிலிக்கான் மடல் ஒன்று வெளியிலும், தடித்தது ஒன்று உள்ளேயும் இருக்கும். காற்று வந்ததும் அந்த மெல்லிய மடல் உப்பி, பலூன் மாதிரி தோலில் படிய வேண்டும். சீலைப் பிடிப்பது அதுதான். இறுக்கினால் மடல் நசுங்கி மடிப்பு விழும், மடிப்பு வழியே காற்று போகும். உள்ளே இருக்கும் தடித்த விளிம்பு எலும்பில் அழுந்தித் தழும்பாகும்.

மாட்டும் முறை இது. எல்லா வாரையும் தளர்த்துங்கள். அம்மா எந்தப் பக்கம் தூங்குவாரோ அப்படியே, அவருடைய தலையணையிலேயே படுக்கட்டும். உட்கார்ந்துகொண்டு மாட்டிய மாஸ்க், படுத்ததும் கன்னம் சரிவதால் இடம் மாறிவிடும். மெஷினை ஓடவிட்டு, மெனுவில் உள்ள மாஸ்க் ஃபிட்டை அழுத்துங்கள். அழுத்தம் கொஞ்ச நேரத்துக்கு ஏறி நிற்கும். அந்த நேரத்தில் மாஸ்கை முகத்திலிருந்து அரை அங்குலம் முன்னால் இழுத்து, மெதுவாகத் திரும்ப வையுங்கள். மடல் உப்பிக்கொண்டே படியும். இப்போது மேல்வாரையும் கீழ்வாரையும் இழுங்கள், இடமும் வலமும் ஒரே அளவாக, லீக் நிற்கும் வரைக்கும் மட்டும். வாருக்கும் கன்னத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கண் பக்கம் அடித்தால் மேல்வாரும் கீழ்வாரும் ஒத்த இழுவையில் இருக்காது, அல்லது குஷன் அளவு பெரிதாக இருக்கும். எந்த வாரையும் அளவுக்கு மீறி இறுக்காதீர்கள். இப்படிச் செய்தும் நிற்கவில்லை என்றால் அளவுதான் தப்பு. கடையில் வேறு அளவு குஷன் கேளுங்கள்.

மாஸ்கின் முன்னால் இருக்கும் பொடித்துளைகளை யாரும் துணி வைத்து மூடிவிடக் கூடாது. உஸ்ஸென்ற சத்தம் தொந்தரவு என்று வீட்டில் யாராவது அப்படிச் செய்யப் பார்ப்பார்கள். வெளிவிடும் மூச்சு போகும் வழி அது ஒன்றுதான்.

"மூச்சு பத்தவில்லை" என்பது 4-ல் தொடங்குவதால். பெரியவர்கள் நிறைய பேருக்கு 4 செ.மீ. அழுத்தம் போதாது, திணறுகிற மாதிரி இருக்கும். 45 நிமிட ரேம்ப் அந்தத் திணறலை நீட்டுகிறது. ரேம்ப்பை 10 நிமிடமாக்குவதையோ ஆட்டோவில் போடுவதையோ நீங்களே செய்யலாம். குறைந்தபட்ச அழுத்தத்தை 6 அல்லது 7 ஆக உயர்த்த டாக்டரிடம் கேளுங்கள். 4–20 என்பது கம்பெனியிலிருந்து வரும் முழு வீச்சு. ஒரு வார ரிப்போர்ட்டைப் பார்த்து அதைக் குறுக்கித் தருவது வழக்கம்தான்.

இனி 2 மணிக்கு எழுந்தால்: மெஷினை நிறுத்தி மறுபடி போடச் சொல்லுங்கள். அழுத்தம் ரேம்ப்பிலிருந்து தொடங்கும். படுத்தபடியே மாஸ்கை ஒருமுறை இழுத்து வைத்தால் சீல் திரும்பப் படியும்.

லாஸ்பேட்டை_அக்கா

மூக்குத்தி பற்றி நான் சொல்கிறேன்ம்மா, இதைக் கடையில் யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். மூக்குத்தியைக் கழற்றாமலே சமாளிக்கலாம். மூக்குத் துவாரத்துக்குள் உட்காரும் பில்லோ வகை மட்டும் வேண்டாம். மூக்குத்தியின் திருகு உள்பக்கம் இருப்பதால் சிலிக்கானில் உரசிப் புண்ணாகும், குஷனும் கிழியும். மூக்கை முழுசாக மூடும் வகையில், விளிம்பு மூக்குத்திக்கு வெளியே கன்னத்தில் படிகிற அளவு பார்த்து வாங்குங்கள். பேசரி மாதிரி அகலமானது என்றால் ராத்திரிக்கு மட்டும் ஒற்றைக்கல் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது கொண்டை. பின்னந்தலையில் கொண்டை இருந்தால் பின்வார் அதன்மேல் ஏறி, திரும்பிப் படுத்ததும் வழுக்கும். தளர்வாகப் பின்னி ஒரு பக்கமாக விடுங்கள். கீழ்வார் பின்னலுக்கு அடியில், பிடரியில் இருக்கட்டும். தலைக்கு எண்ணெயைக் காலையில் வைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் ஊறினால் வாரின் எலாஸ்டிக் சீக்கிரம் தொங்கிவிடும். படுக்கும் முன் முகத்தை சோப்போ பயத்தமாவோ போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். கிரீம், மஞ்சள், தேங்காயெண்ணெய் எது இருந்தாலும் குஷன் வழுக்கும்.

வாய் வறட்சிக்கு முதலில் மூக்கைப் பாருங்கள். மூக்கு அடைத்திருந்தால் வாய் தானாகத் திறக்கும், திறந்த வாய் வழியே காற்று கொட்டும். அதுவும் அந்த 41-க்குள் அடக்கம். தூங்கும்போது உதடு புஸ்புஸ்ஸென்று உப்பி அடங்குகிறதா என்று பாருங்கள். படுக்கும் முன் உப்புநீர் ஸ்ப்ரே இரண்டு துவாரத்திலும் அடிக்கலாம். நாள்பட்ட அடைப்பு என்றால் டாக்டர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதுவார். மூக்கு திறந்த பிறகும் வாய் திறந்தால்தான் தாடைப்பட்டையோ வாயையும் சேர்த்து மூடும் மாஸ்கோ. வாயில் டேப் ஒட்டாதீர்கள். உப்புசம் இருப்பவருக்கு வாந்தி வந்தால் ஆபத்து.

உப்புசம் என்பது தொண்டை வழியே காற்று வயிற்றுக்குப் போவது. தலைப்பக்கத்தை உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்கட்டும். மெனுவில் ஈபிஆர் என்று ஒன்று இருக்கும். மூச்சு விடும்போது அழுத்தத்தை 1 முதல் 3 செ.மீ. வரை குறைக்கும். 2-ல் வைத்துப் பாருங்கள்.

பகலில் ஒரு வாரம் பழக்குங்கள். சாயங்காலம் சீரியல் பார்க்கும்போது முதல் இரண்டு நாள் டியூபைச் சொருகாமல் மாஸ்க் மட்டும் 20 நிமிடம். அடுத்த இரண்டு நாள் டியூபோடு மெஷின் ஓட, உட்கார்ந்தபடி அரைமணி. பிறகு மதியத் தூக்கத்தில் ஒரு மணி நேரம். மாஸ்கை எடுக்க வேண்டும் போலத் தோன்றினால் டியூபைச் சட்டென்று கழற்றும் இடத்தை அவர் கையாலேயே கண்டுபிடித்துப் பழகட்டும். இருட்டில் அவரால் தனியாகக் கழற்ற முடியும் என்று தெரிந்துவிட்டாலே பயம் பாதியாகும்.

மஞ்சக்குப்பம்_மகள்

ரொம்ப நன்றி டெக் சார், அக்கா. நேற்று படுத்தபடியே மாட்டினோம். கீழ்வார்தான் தளர்வாக இருந்தது. லீக் 41-லிருந்து 19-க்கு வந்திருக்கிறது.

இன்னும் சில கேள்வி. டியூபில் தண்ணீருக்கு என்ன செய்வது? தொட்டியில் தினமும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா? வேண்டாம் என்றால், பேட்டரி வாட்டர் பேட்டரி கடையில் 5 லிட்டர் கேன் கிடைக்கிறதே, அதை ஊற்றலாமா? கரண்ட் போனால் மாஸ்குக்குள் மூச்சு முட்டுமா என்று அம்மா பயப்படுகிறார்.

முதுநகர்_வயர்மேன்

கடைசிக் கேள்வி முதலில் தங்கச்சி. மூக்கு மாஸ்க் என்றால் கரண்ட் போனதும் வாயைத் திறந்தால் போதும், மூச்சு முட்டாது. வாயையும் மூடும் மாஸ்கில் இதற்கென்றே ஒரு வால்வு உண்டு, அழுத்தம் நின்றதும் தானாகத் திறந்து வெளிக்காற்றை விடும். மாஸ்க் போட்டு மெஷினை நிறுத்திக் காட்டுங்கள், பகலிலேயே. அம்மாவே மூச்சு விட்டுப் பார்க்கட்டும்.

இன்வெர்ட்டர் பற்றிக் கணக்காகச் சொல்கிறேன். ஹியூமிடிஃபையரையும் சூடாக்கும் டியூபையும் நிறுத்தினால் மெஷின் ஏறக்குறைய 20 வாட்தான் இழுக்கும். 8 மணி நேரத்துக்கு 160 வாட்-மணி. இரண்டும் ஓடினால் 60 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள், 480 ஆகிவிடும். வீட்டில் இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தினாலே 900 வாட்-மணி வரும். பழைய 75 வாட் சீலிங் ஃபேன் ஒன்றே ராத்திரிக்கு 600 தின்னும், அதனால் பயப்பட வேண்டியது ஃபேனுக்குத்தான். இன்வெர்ட்டர் சைன் வேவ் (வீட்டு கரண்ட் மாதிரியே சீராகத் தரும்) வகையாக இருக்கட்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று நம்ம ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் பேட்டரியை முழுசாக ஏற்றிவிட்டு, ஹீட்டர் இரண்டையும் நிறுத்தி ஓட்டுங்கள். கடலோரக் காற்றில் பிளக் முள் பச்சை பிடிக்கும், மாதம் ஒருமுறை பிடுங்கித் துடையுங்கள்.

பேட்டரி வாட்டர் வேண்டாம். அது பேட்டரிக்காகச் செய்தது, கேன் சுத்தம் எப்படி என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள், நாம் சுவாசிக்கப்போவது. மெடிக்கலில் டிஸ்டில்டு வாட்டர் என்று கேளுங்கள். ஆர்ஓ ஒரு நாள் அவசரத்துக்கு ஊற்றலாம், கெட்டுவிடாது. தினமும் ஊற்றினால் தொட்டியில் வெள்ளை உப்புப் படியும். கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. படிந்துவிட்டால் வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, அரைமணி ஊறவிட்டுக் கழுவுங்கள். ராத்திரிக்கு 300 மில்லி என்றால் 5 லிட்டர் கேன் 16 நாள் வரும். மிச்சத்தைக் காலையில் கொட்டிவிட வேண்டும். தொட்டியில் தண்ணீரோடு மெஷினைச் சாய்க்கவோ தூக்கவோ கூடாது, மோட்டாருக்குள் போய்விடும்.

முத்தியால்பேட்டை_டெக்

19 நல்ல எண். டியூபில் தண்ணீர் ஏன் நிற்கிறது என்றால், தொட்டியிலிருந்து சூடாகவும் ஈரமாகவும் கிளம்பும் காற்று 22 டிகிரி அறையில் டியூப் சுவரில் பட்டுக் குளிர்கிறது. செம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளியே வியர்க்குமே, இங்கே அது உள்பக்கம் நடக்கிறது. ஏசியை 26 ஆக்குங்கள், ஹியூமிடிஃபையரை 6-லிருந்து 3-க்கு இறக்குங்கள், மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே ஒரு ஸ்டூலில் வையுங்கள். தண்ணீர் நின்றாலும் முகத்துக்கு வராமல் தொட்டிப் பக்கம் இறங்கும். டியூபைப் போர்வைக்கு அடியில் விட்டாலும் பலன் உண்டு. ஏசி போடாமல் ஃபேன் மட்டும் ஓடும் நாளில், அதுவும் மழைக்காலத்தில், 1 அல்லது 2 போதும். வாய் திரும்ப வறண்டால் ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஒரு ராத்திரிக்கு ஒரு மாற்றம்தான், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது.

கழுவுவது: குஷனைத் தினமும் காலையில் மைல்டு சோப்புத் தண்ணீரில். டியூபை வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிடுங்கள். வெயில், டெட்டால், பிளீச், ஸ்பிரிட் எதுவும் படக்கூடாது, சிலிக்கான் விறைத்துவிடும். பின்பக்க ஃபில்டரை மாதம் ஒருமுறை பாருங்கள், சாம்பல் நிறமாகியிருந்தால் மாற்றுங்கள். கழுவ வேண்டாம்.

லீக் தொடர்ந்து ஏழு ராத்திரி 24-க்குக் கீழே இருந்து, பயன்பாடும் 6 மணியைத் தாண்டிய பிறகு ஏஎச்ஐயைப் பாருங்கள். 5-க்குள் வர வேண்டும். அப்போதும் 9-லேயே நின்றால் மெமரி கார்டை டாக்டரிடம் கொண்டுபோய், அந்த 9-ல் தொண்டை அடைத்து நின்றது எத்தனை, வழி திறந்திருந்தும் மூச்சு எடுக்காமல் நின்றது எத்தனை என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது வகைக்கு அழுத்தத்தை ஏற்றினால் சிலருக்குக் கூடவும் செய்யும். மெஷின் தொடங்கிய புதிதில் வரும் அந்த வகை பலருக்குச் சில வாரங்களில் தானே குறையும், அதனால் டாக்டர் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். கார்டை எடுக்கும் முன் மெஷினை நிறுத்துங்கள். கம்ப்யூட்டரில் போடுவதானால் கார்டின் ஓரத்தில் இருக்கும் லாக்கைத் தள்ளிவிட்டுப் போட்டு, மெஷினில் திரும்பச் சொருகும்போது லாக்கை எடுத்துவிடுங்கள்.