கார் ஏசி: டாப்-அப் போட்டு ஒரு மாசத்துல கூலிங் போச்சு, லீக் பார்க்கக் காத்தடிக்கலாமுங்களா?

சிங்காநல்லூர் பட்டறை:
வணக்கமுங்க. சின்ன கார், ஆர்-134ஏ கேஸ், பானெட் ஸ்டிக்கர்ல 400 கிராம்னு இருக்கு. போன மாசம் வேற எடத்துல எடை வெக்காம டாப்-அப் போட்டிருக்காங்க. இப்ப மத்தியானத்துல கூலிங்கே இல்லீங்க. வெளிய 35 டிகிரி, 1500 ஆர்பிஎம், புளோயர் ஃபுல்லா வெச்சுப் பார்த்தா லோ சைடு (கேஸ் கம்ப்ரசருக்குள்ள போற பக்கம்) 14, ஹை சைடு (அழுத்தி வெளிய வர்ற பக்கம்) 125 பி.எஸ்.ஐ. அழுத்தம். ஆனா காலைல இன்ஜின் போடறதுக்கு முன்னாடி, 28 டிகிரில, ரெண்டு கேஜும் 90 காட்டுச்சு. 90 இருக்கறப்ப கேஸ் பத்தலைன்னு எப்படிங்க சொல்றது?

லீக் பார்க்க ஏர் கம்ப்ரசர்ல 120 காத்து ஏத்திச் சோப்புத் தண்ணி போட்டாப் போதும்னு சொல்றாங்க. வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரும் பட்டறைல இருக்கு. எதை வெச்சுப் பண்றதுங்க?

பெருந்துறை ஆட்டோ ஏசி:
தம்பி, மொதல்ல அந்த ஆக்சிஜனைத் தூர வெச்சிருங்க. சிஸ்டம் பூராவும் கம்ப்ரசர் ஆயில் படிஞ்சிருக்கு. அழுத்தத்துல ஆக்சிஜன் ஆயில் மேல பட்டா நெருப்பே வேண்டியதில்லை, வெடிச்சிரும். காத்தும் ஆகாது. ஆர்-134ஏ சாதாரணமாப் பத்தாதுதான், ஆனா காத்தோட கலந்து அழுத்தத்துல இருந்தா பத்திக்க வாய்ப்பிருக்கு. போதாததுக்குக் கம்ப்ரசர் காத்துல வர்ற ஈரம் நேரா கம்ப்ரசருக்குப் போடற பிஏஜி ஆயில்ல ஏறிரும். அந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சற ஜாதி. ஈரம் கேஸோட சேர்ந்தா அமிலமாகி உள்ள அரிக்கும், எக்ஸ்பேன்ஷன் வால்வு வாயில ஐஸ் கட்டும்.

லீக் டெஸ்ட்டுக்கு உலர் நைட்ரஜன் மட்டுந்தான். சிலிண்டரு கலரைப் பார்த்து எடுங்க: நைட்ரஜன் சாம்பல் உடம்பு கருப்புக் கழுத்து, வெல்டிங் ஆக்சிஜன் பூராவும் கருப்பு, கருப்பு உடம்பு வெள்ளைக் கழுத்துன்னா ஆஸ்பத்திரி ஆக்சிஜன். நெறஞ்ச சிலிண்டருக்குள்ள 150 பார் கிட்ட இருக்கும், ரெகுலேட்டர் இல்லாம ஹோஸ் மாட்டவே கூடாது. 150 பி.எஸ்.ஐ.க்கு மேல ஏத்தாதீங்க, கூலிங் காயில் தாங்காது.

இப்ப அந்த 90. உள்ள திரவமாக் கொஞ்சம் இருக்கற வரைக்கும் நின்ன வண்டில அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்துத்தான் நிக்கும். 28 டிகிரின்னா 90 கிட்ட, 35 டிகிரின்னா 115 கிட்ட. உள்ள 200 கிராம் இருந்தாலும் 400 இருந்தாலும் அதே நம்பர்தான். கேஸ் அளவை அதை வெச்சுச் சொல்ல முடியாது. ஓடறப்ப உங்க வெயிலுக்கு லோ 30–40, ஹை 200–240 வரணும். ரெண்டும் சேர்ந்து எறங்கியிருக்கறதால கேஸ் கொறஞ்சிருக்குன்னு எடுத்துக்கலாம். கம்ப்ரசர் தேஞ்சிருந்தா லோ ஏறி ஹை எறங்கும்.

பல்லடம் குளிர்:
அண்ணா சொன்னது சரிங்க. வேலையை வரிசையாச் சொல்றேன்.

கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கங்க. இந்தக் கேஸ் வெளிய வந்தா மைனஸ் 26 டிகிரில கொதிக்கும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. காத்தை விடக் கனம், அதனால சர்வீஸ் குழிக்குள்ள எறங்கி வேலை வேண்டாம், தேங்கி மூச்சு முட்டும். பக்கத்துல பீடி, வெல்டிங் தீப்பொறி எதுவும் ஆகாது. தீயில பட்டா ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும், அது நுரையீரலுக்கு விஷம்.

உள்ள இருக்கற கேஸை ரெக்கவரி மெஷின்ல எடுத்து எடை பாருங்க. காத்துல விடாதீங்க. ஒரு கிலோ ஆர்-134ஏ 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்னு கணக்கு, அப்ப 400 கிராமுக்கு 570 கிலோ. மெஷின் இல்லைன்னா இருக்கற பட்டறைல குடுத்து எடுத்துட்டு வாங்க. எடுத்த கேஸை 13.6 கிலோ டிஸ்போசபிள் சிலிண்டருல திருப்பி அடைக்கக் கூடாது, ரெக்கவரி சிலிண்டரும் 80 சதவீதத்துக்கு மேல நெரப்பக் கூடாது. கூட வர்ற ஆயில் எத்தனை மில்லின்னு அளந்து வெச்சுக்கங்க, அதே அளவு புது ஆயில் திரும்பப் போடணும்.

பொறவு நைட்ரஜன் ஏத்திச் சோப்புத் தண்ணி. மொதல்ல சார்ஜிங் போர்ட் வால்வு பின், நெறைய வண்டில அங்கதான் குமிழி வரும். அடுத்து கண்டென்சரு (ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கற, கேஸோட சூட்டை வெளியேத்தற காயில்) கீழ்ப்பக்கம், கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல், பைப் ஜாயிண்ட் ஓ-ரிங். ஆயில் ஈரமும் புழுதியும் சேர்ந்து கருப்பாப் படிஞ்ச எடத்தை விட்டுராதீங்க. ஜாயிண்ட்டைக் கழட்டினா பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போட வேண்டாம், புதுசுல ஆயில் தடவிப் போடுங்க. சிஸ்டம் வெகுநேரம் தெறந்து கெடந்திருந்தா ஈரம் உறிஞ்சற டிரையரையும் மாத்திருங்க. லீக் அடைக்கிற சீலன்ட் கேனு விக்கறாங்க, அதை ஏத்தவே ஏத்தாதீங்க. உள்ள போய் வால்வையும் ரெக்கவரி மெஷினையும் சேர்த்து அடைச்சிரும்.

லீக்கை அடைச்ச பொறவு, உள்ள இருக்கற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்ச வேக்கம் பம்பு முக்கால் மணி நேரம். வால்வை மூடிட்டு, பம்பை நிறுத்தி, 20 நிமிசம் கேஜைப் பாருங்க. கொஞ்சம் ஏறி நின்னுட்டா உள்ள ஈரம், திரும்பப் பம்பைப் போடுங்க. நிக்காம ஏறிட்டே இருந்தா லீக்.

கேஸ் ஏத்தறப்ப சிலிண்டரை எடை மெஷின் மேல வெச்சு, நடு ஹோஸ் காத்தை ஒரு நொடி வெளியேத்திட்டு ஆரம்பிங்க. இன்ஜின் ஆஃப்ல, சிலிண்டரைத் தலைகீழா வெச்சு ஹை சைடுல திரவமா விடலாம். 400 முழுசும் போகலைன்னா ஹை சைடு வால்வை இறுக மூடிட்டுத்தான் இன்ஜின் போடணும். மறந்துட்டா 200க்கு மேல இருக்கற அழுத்தம் திரும்பிச் சிலிண்டருக்குள்ள போகும், சின்னக் கேனா இருந்தா வெடிக்கும். மிச்சத்தை லோ சைடுல, சிலிண்டர் நேரா நிக்க, ஆவியா விடுங்க. திரவமா விட்டா கம்ப்ரசருக்குள்ள அடிச்சு வால்வு பிளேட் உடையும். 400ல நிறுத்திருங்க, இன்னும் கொஞ்சம் போட்டா நல்லா இருக்கும்ங்கறது தப்புக் கணக்கு.

சிங்காநல்லூர் பட்டறை:
ரொம்ப நன்றிங்க. ஹை சைடு போர்ட் வால்வு பின்லதான் குமிழி வருது, மாத்திட்டேன். ஆனா வேக்கம் ஒரு மணி நேரம் ஓடியும் கேஜ் 28 அங்குலம் (பாதரச அளவு) தாண்ட மாட்டேங்குது. 29.9 வரணும்னாங்களே, பம்பு போச்சுங்களா?

பெருந்துறை ஆட்டோ ஏசி:
பம்பு மேல பழி வேண்டாம் தம்பி. 29.9ங்கறது கடல் மட்டத்துக் கணக்கு. கோயம்புத்தூரு 411 மீட்டர் ஒசரம், அங்க காத்தோட அழுத்தமே 28.5 அங்குலந்தான். எந்தப் பம்பைப் போட்டாலும் அந்தக் கேஜ் அதுக்கு மேல போகாது. ஊட்டில இதே வேலை செஞ்சா 23ல நின்னுரும். உங்க கேஜ் சரியாக் காட்டினா உள்ள மிச்சம் அரை அங்குலம், அந்த அழுத்தத்துல தண்ணி 15 டிகிரிலயே கொதிச்சு ஆவியாகும். நம்மூரு வெயிலுக்கு ஈரம் போயிரும். சந்தேகமில்லாம வேணும்னா வேக்கத்தை நுணுக்கமா அளக்கற மைக்ரான் கேஜ் வாங்கி 500 மைக்ரானுக்குக் கீழ எறக்குங்க.

ஊத்துக்குளி ரோடு:
ரெண்டு விஷயங்க. விலை ரொம்பக் கொறைச்சலாக் கெடைக்கற கேஸை வாங்காதீங்க. போலிச் சிலிண்டருல மெத்தில் குளோரைடு கலந்து வர்றதுண்டு. அது அலுமினியத்தோட சேர்ந்து, காத்துப் பட்டாலே பத்திக்கற சேர்மமாகும், பொறவு அந்தச் சிஸ்டத்தைத் தெறக்கறவன் கதி என்னாகறது? இன்னொண்ணு, மின்சாரக் கம்ப்ரசர் இருக்கற ஹைப்ரிட், ஈவி வண்டிக்குப் பிஏஜி ஆயில் போடவே கூடாது, மின்காப்பு போயிரும். அதுக்கு வண்டிக் கம்பெனி சொல்ற பிஓஇ ஆயில்தான், ஹோஸும் தனியா வெச்சுக்கங்க.

பல்லடம் குளிர்:
ஏத்தின பொறவு, வண்டி நகராம இன்ஜினும் ஏசியும் ஓடறப்ப ஹை சைடு 300 தாண்டினா ஓவர் சார்ஜ்னு உடனே கேஸை எறக்கிராதீங்க. 400 எடை போட்டுத்தானே ஏத்தியிருக்கீங்க. ஃபேன் ஓடுதான்னு பாருங்க, பம்பரைக் கழட்டிக் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல டார்ச் அடிச்சுப் பாருங்க. திருப்பூர், பல்லடம் பக்கம் ஓடற வண்டில மில்லுப் பஞ்சு, பொள்ளாச்சிப் பக்கம்னா தேங்காநார்த் தூளு மெத்தையாப் படிஞ்சிருக்கும். வெளிய இருந்து பார்த்தா சுத்தமாத்தான் தெரியும். ஃபின் மடங்காம, கொறஞ்ச பிரஷர்ல தண்ணியை உள்பக்கமிருந்து வெளிய அடிச்சுட்டு மறுபடி கேஜைப் பாருங்க.