30 மாட், ஒரே ராத்திரியில்

குழு: நம் வீட்டு ஆட்கள்

செல்வி: முரளி அண்ணா, இருக்கிறாயா? ஸ்டார்டியூ வேலியில் 30 மாட் போட்டேன். ஒன்றுகூடத் தெரியவில்லை 😭

பெரியப்பா: 30 மாடா? எங்கே கட்டப் போகிறாய்?

செல்வி: மாடு இல்லை பெரியப்பா, மாட். விளையாட்டில் நாமே சேர்த்துக்கொள்வது. புது உடை, புது ஆட்கள், புது ஊர்...

பெரியப்பா: அது பண்ணை விளையாட்டுதானே? மாடு இல்லாமலா?

செல்வி: மாடும் இருக்கிறது 😂 கொஞ்சம் பொறுங்கள்.

முரளி: இருக்கிறேன். 30-ஐயும் ஒரே மூச்சில் போட்டாயா?

செல்வி: ஆமாம், எல்லாமே அழகாக இருந்தன.

முரளி: சரி. விளையாட்டைத் திறக்கும்போது எழுத்து ஓடுகிற கறுப்பு ஜன்னல் ஒன்று கூடவே வருகிறதா?

செல்வி: இல்லையே. ஸ்டீம் செயலியில் ப்ளே அழுத்துகிறேன், நேராக விளையாட்டுதான் வருகிறது.

முரளி: அதுதான் விஷயம். ஸ்மாபி என்று மாட் ஏற்றும் கருவி இருக்கிறதே, அதன் வழியாகத் திறந்தால்தான் மாட் ஏறும். நீ வெறும் விளையாட்டைத் திறக்கிறாய். ஸ்மாபியை நிறுவி முடிக்கும்போது ஸ்டீமுக்கு என்று ஒரு வரி காட்டியிருக்குமே?

செல்வி: படிக்காமல் மூடிவிட்டேன்.

முரளி: எல்லோரும் அப்படித்தான் 😄 நிறுவியை இன்னொரு தடவை ஓட்டு. அந்த வரியை நகலெடுத்து, ஸ்டீமில் விளையாட்டின் ப்ராபர்ட்டீஸுக்குள் லாஞ்ச் ஆப்ஷன்ஸ் என்ற பெட்டியில் ஒட்டு.

அத்தை: பிள்ளைகளா, இதற்கெல்லாம் தனிக் குழு வைத்துக்கொள்ளக் கூடாதா?

செல்வி: 5 நிமிடம் அத்தை 🙏

செல்வி: வந்தது! ஆனால் ஜன்னல் முழுக்கச் சிவப்பு. 11 மாட் ஓடாதாம். எல்லாவற்றையும் அழித்துவிடவா?

முரளி: எதையும் அழிக்காதே. சிவப்பு வரியைப் படி. பெயருக்குப் பக்கத்திலேயே காரணம் எழுதியிருக்கும்.

செல்வி: ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான். கன்டென்ட் பேட்சர் வேண்டும், அது இல்லை என்கிறது.

முரளி: பார்த்தாயா, 10 விழுந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. படத்தை, வசனத்தை மாற்றுகிற மாட் பலவும் கன்டென்ட் பேட்சரின் தோளில் ஏறித்தான் ஓடும். மாட் இறக்கும் பக்கத்தில் ‘தேவையானவை’ என்று ஒரு பகுதி இருக்கும். அழகான படத்தைப் பார்க்கும் முன் அதைப் பார்க்க வேண்டும்.

செல்வி: போட்டுவிட்டேன். சிவப்பு ஒன்றுதான் மிச்சம். அந்தக் கோப்புறையில் மாட் எதுவும் இல்லையாம்.

முரளி: உள்ளே ஜிப் அப்படியே கிடக்கிறதா பார். பிரித்துப் போட வேண்டும். மேனிஃபெஸ்ட் என்ற கோப்பு கண்ணில் பட்டால்தான் ஸ்மாபி அதை மாட் என்றே ஒத்துக்கொள்ளும்.

செல்வி: ஜிப்தான் 🙈

அருண்: நான் ஸ்கைரிம் விளையாட்டில் மாட் போடலாம் என்று இருக்கிறேன். இதே கதையா?

முரளி: அங்கே வரிசையும் சேர்ந்துகொள்ளும். இரண்டு மாட் ஒரே பொருளைத் தொட்டால் கடைசியாக ஏறுவது சொல்வதுதான் சட்டம். வரிசைப்படுத்த லூட் என்று ஒரு கருவி இருக்கிறது. மாட்களைக் கையால் கோப்புறையில் கொட்டாதே, மாட் ஆர்கனைசர் 2 போட்டுக்கொள். அது விளையாட்டின் கோப்புறையைத் தொடாமல் தனியாக வைத்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் டிக்கை எடுத்தால் போதும்.

அருண்: மைன்கிராஃப்ட்?

முரளி: அங்கே மாட் ஏற்றும் கருவி ஃபோர்ஜா ஃபேப்ரிக்கா என்று முதலிலேயே முடிவு செய். ஒன்றுக்கு எழுதியது மற்றதில் அப்படியே ஓடாது. மீதியை அப்புறம் பேசலாம், செல்வி வேலையை முடிக்கிறேன்.

செல்வி: அண்ணா, விளையாட்டில் வருகிற அபிகெயில் முகம் மட்டும் பழையபடியே இருக்கிறது.

முரளி: அவள் முகத்தை மாற்ற எத்தனை மாட் வைத்திருக்கிறாய்?

செல்வி: 2. எது நன்றாக இருக்கிறது என்று பார்க்கலாம் என்று...

முரளி: இரண்டும் முட்டிக்கொள்கின்றன. ஒன்றை எடுத்துவிடு.

செல்வி: எடுத்துவிட்டேன். இப்போது 30. ஐயோ, கடைக்குள் நுழைந்தால் அப்படியே உறைகிறது. சிவப்பில் ஒன்றும் இல்லை!

முரளி: இது கொஞ்சம் பொறுமையான வேலை. முதலில் உன் பழைய பண்ணையைக் காப்பாற்று. ஆப்டேட்டா கோப்புறைக்குள் ஸ்டார்டியூ வேலி, அதற்குள் சேவ்ஸ். அதை அப்படியே நகலெடுத்து வேறு இடத்தில் வை. ஸ்மாபியும் ஒரு நகல் எடுத்து வைக்கும்தான், இருந்தாலும் உன் கையில் ஒன்று இருக்கட்டும். சோதனையெல்லாம் புதுப் பண்ணையில்.

செல்வி: வைத்துவிட்டேன்.

முரளி: பாதி மாட்களை அணை. கோப்புறையின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் ஸ்மாபி அதைக் கண்டுகொள்ளாது. உறைவது நின்றால் குற்றவாளி அணைத்த பாதியில், நிற்காவிட்டால் மற்ற பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கு. ஒரே ஆள்தான் என்றால் 30-க்கு 5 தடவை போதும். கன்டென்ட் பேட்சரை மட்டும் அணைக்காதே, மறுபடி எல்லாம் விழும்.

பெரியப்பா: திருடனைப் பிடிப்பது போல இருக்கிறதே.

செல்வி: 15 அணைத்தேன், நின்றது.

செல்வி: 8...

செல்வி: 4...

அத்தை: பால் கணக்கா இது?

செல்வி: பிடித்துவிட்டேன்!! கடையின் உள்பக்கத்தை மாற்றுகிற மாட்.

முரளி: கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பார்.

செல்வி: 2021.

முரளி: 2024 மார்ச்சில் விளையாட்டின் 1.6 பதிப்பு வந்தது. விளையாட்டின் உள்ளே நிறைய மாற்றினார்கள், அதற்கு முன் எழுதியதில் பல அப்படியே படுத்துவிட்டன. அடுத்த தடவை தேதியைப் பார்த்துவிட்டு இறக்கு. 2, 3 போட்டதும் ஒரு முறை திறந்து பார், அப்புறம் அடுத்தது.

செல்வி: சரி அண்ணா. பழைய பண்ணையைத் திறக்கட்டுமா?

முரளி: திற. இன்னொன்று. பொருள் சேர்க்கிற மாட்டை நடுவில் பிடுங்காதே, நீ சேர்த்து வைத்த பொருள் எதற்கும் உதவாத ‘எரர் ஐட்டம்’ ஆகிவிடும்.

பெரியப்பா: ஆக மொத்தம் எத்தனை மிஞ்சியது?

செல்வி: 29 மாட், 2 மாடு பெரியப்பா.

பெரியப்பா: அந்த 2 பிழைத்ததே, போதும்.