கிரெடிட்டுக்கு ஓப்பன் சோர்ஸ் (யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளில் மாணவர் வேலை செய்து கல்லூரி மார்க் வாங்குவது): பார்த்ததைச் சொல்லுங்க

செக்காலை ரோடு:
காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். ஆறு பேர் குழு, ஒரு செமஸ்டர் வேலை. வைவா அன்னைக்கு கிட் லாகை, அதாவது நிரலில் யார் எதை மாற்றினார் என்ற பதிவேட்டை, திறந்தால் 31 கமிட்டும் (ஒவ்வொன்றும் பதிந்த ஒரு மாற்றம்) ஒரே பையன் பெயரில். அந்தப் பையன் குழுவிலேயே இல்லை! போன வருஷம் அதே லேப் சிஸ்டத்தில் உட்கார்ந்து யூசர் நேமையும் ஈமெயிலையும் குளோபலாக, அதாவது எல்லா ப்ராஜெக்டுக்கும் பொதுவாக, போட்டுவிட்டுப் போன சீனியர். எக்ஸ்டர்னல் திரையைப் பார்த்தார், ஆறு பேரையும் பார்த்தார், "இந்தத் தம்பி வெளியே நிக்கிறாரா?" என்றார்.

மெயில்மேப் கோப்பு போட்டுச் சரிபண்ணலாமே என்பீர்கள். முடியாது. பெயரும் ஈமெயிலும் சேர்ந்த ஒரு ஜோடியை இன்னொரு ஜோடியாகக் காட்டுவதுதான் அதன் வேலை. ஆறு பேரும் ஒரே ஜோடிக்குள் கிடந்தால் எதை யாருக்குப் பிரிக்கும்? புஷ் பண்ணும் (கிட்ஹப் என்ற பொதுத் தளத்துக்கு அனுப்பும்) முன் கண்ணில் பட்டால் கடைசிக் கமிட்டை அமெண்ட் செய்து (திருத்தி) ஆத்தரை ரீசெட் பண்ணலாம். மெர்ஜ் ஆன (மூல ப்ராஜெக்டில் சேர்ந்த) பிறகு அவ்வளவுதான்.

பொது சிஸ்டத்தில் குளோபல் கூடவே கூடாது. குளோன் செய்த ஃபோல்டருக்குள் போய் லோக்கலாகப் போடணும். விண்டோஸ் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய ஆளின் கிட்ஹப் பதிவையும் நீக்கணும். அதை விட்டால் புஷ் பண்ணும்போது 403, இன்னாருக்கு அனுமதி இல்லை என்று சீனியர் பெயரோடு வரும்.

பள்ளத்தூர் பிஎஸ்சி:
பல லேப்களில் ரீஸ்டார்ட் ஆனால் டிஸ்க்கைப் பழைய நிலைக்குத் திருப்பும் மென்பொருள் போட்டிருப்பார்கள். மதியம் கரண்ட் போச்சு, புஷ் ஆகாத வேலையும் சேர்ந்து போச்சு. "கமிட் போட்டேனே சார்" என்றான் ஒருவன். கமிட் இருப்பதும் அதே டிஸ்க்கில்தானே? லேப் முடிய 10 நிமிஷம் இருக்கும்போது அரைகுறையாக இருந்தாலும் அவரவர் ஃபோர்க்குக்கு (கிட்ஹப்பில் இருக்கும் சொந்த நகலுக்கு) புஷ்.

கோட்டையூர் யூனிகோட்:
தமிழ்ச் சொல் தேடும் ஒரு பைதான் நிரல். புகார் இதுதான்: பட்டியலில் "கொப்புடையம்மன்" கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை. ஒரு மாணவி திருத்தம் அனுப்பினார், டெஸ்டும் (திருத்தம் வேலை செய்கிறதா என்று சோதிக்கும் நிரல்) எழுதினார், டெஸ்ட் பாஸ். பராமரிப்பாளரிடமிருந்து ஒரே வரி: "உங்க திருத்தத்தை எடுத்துட்டு ஓட்டினாலும் பாஸ் ஆகுதே."

"கொ" இரண்டு விதமாகக் கோப்பில் இருக்கலாம். ககரத்தோடு 0BCA என்ற யூனிகோட் எண் (கணினியில் எழுத்துக்கான எண்) கொண்ட ஒரே குறி, அல்லது 0BC6 கொம்பும் 0BBE காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது. டெஸ்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே கீபோர்டில் அடித்தால் இரண்டும் ஒரே வடிவில்தான் விழும், அப்புறம் ஏன் ஃபெயில் ஆகப்போகிறது? இந்த மாதிரி டெஸ்டில் தமிழ் எழுத்தை அடிக்காமல் எஸ்கேப் எண்ணாக (\u0BCA மாதிரி) எழுதணும். அப்போதுதான் திருத்தம் இல்லாமல் ஃபெயில், என்எஃப்சி நார்மலைஸ் (இரண்டு விதத்தையும் ஒரே வடிவாக்கும் யூனிகோட் முறை) பண்ணியபின் பாஸ்.

ஔகாரத்தில் இன்னொரு வில்லங்கம். 0BCC வரவேண்டிய இடத்தில் கொம்பு போட்டு ளகரம் அடித்திருப்பார்கள். அதை என்எஃப்சி தொடாது, அது உண்மையிலேயே ளகரம். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினால் "தெளிவு" நாசமாகிவிடும். சொற்பட்டியலை வைத்துத்தான் பண்ணணும்.

தேவகோட்டை ரஸ்தா:
செக்காலை அண்ணே, கான்ஃபிக்கை (பெயர், ஈமெயில் செட்டிங்கை) விடுங்க. மெர்ஜ் ஆனால்தான் மார்க் என்று விதி போடுவதில்தான் கோளாறே. 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் (ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் நிகழ்ச்சி) டி-ஷர்ட்டுக்காக ரீட்மீயில் (ப்ராஜெக்டின் அறிமுகக் கோப்பு) ஒன்றிரண்டு வார்த்தை ஒட்டிய புல் ரிக்வெஸ்ட்கள் (என் மாற்றத்தைச் சேருங்கள் என்ற கோரிக்கைகள்) கொட்டின. மாதம் தொடங்கிய சில நாளிலேயே, தாமாகச் சேரும் ப்ராஜெக்டுக்கு மட்டும் என்று விதியை மாற்றினார்கள். 2024-ல் எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டின் ரீட்மீயில் பலர் தங்கள் பெயரையே சேர்த்து அனுப்பினார்கள். டி-ஷர்ட்டுக்கே இந்தப் பாடு, கிரெடிட் என்றால்?

பழியும் ஆளோடு நிற்காது. 2021 ஏப்ரலில் மினசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து எது வந்தாலும் ஏற்கமாட்டோம் என்று லினக்ஸ் கெர்னல் தரப்பு சொன்னது. அங்கே காரணம் மார்க் இல்லை, வேண்டுமென்றே பிழை வைத்த பேட்ச் அனுப்பிய ஆராய்ச்சி. ஆனால் அடி விழுந்தது மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும்.

நம்ம பக்கம் வாரம் 2 மணி லேப் என்றால் 1 கிரெடிட், 15 வாரத்துக்கு 30 மணி. அதற்குள் பெரிய அம்சம் எதுவும் முடியாது. முதல் 3 வாரம் பில்ட் பண்ணி, ஏற்கெனவே இருக்கும் டெஸ்டை ஓட்டினால் போதும். 4-ம் வாரம் ஒரு பிழையை மறுபடி வரவழைத்துக் காட்டணும். 60 பேரும் ஒரே ப்ராஜெக்டில் போய் "எனக்கு ஒதுக்குங்கள்" என்று எழுதக்கூடாது. பராமரிப்பாளருக்கு முன்கூட்டியே மெயில் போட்டுவிட்டு, ப்ராஜெக்டுக்கு 4 பேர். 7-ம் வாரத்துக்குள் முதல் புல் ரிக்வெஸ்ட் போயிருக்கணும், 13-ல் போனால் ரிவ்யூவுக்கு (பராமரிப்பாளர் பார்த்துக் கருத்துச் சொல்வதற்கு) முன்னால் பரீட்சை வந்துவிடும். நூறில் பிழையை வரவழைத்ததற்கு 30, டெஸ்டுக்கு 30, ரிவ்யூவில் பதில் சொன்ன விதத்துக்கு 30, மெர்ஜுக்கு 10, அதுவே அதிகம். டிசிஓ (இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற கையெழுத்து) கேட்கும் ப்ராஜெக்டில் கமிட்டோடு மைனஸ் எஸ் (சின்ன எஸ்) போடாவிட்டால் தானியங்கி செக் சிவப்பிலேயே நிற்கும். மாணவர் எழுதும் நிரல் கல்லூரிக்கே சொந்தம் என்று விதி இருந்தால், அந்தக் கையெழுத்துக்கு முன் துறைத்தலைவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கானாடுகாத்தான்:
இது மென்பொருள் இல்லை, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் (ஓஎஸ்எம்), யாரும் சேர்ந்து வரையக்கூடிய இணைய வரைபடம். கிரெடிட் மட்டும் அதே. செட்டியார் வீடுகளை மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வரைந்திருந்தார்கள். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் என்று நீளும் வீடு. நடுவில் ஓடு இல்லாத முற்றங்களைப் பார்த்துவிட்டு மூன்று வீடாக வெட்டிவிட்டார்கள். ஆச்சிமார் பார்த்தால் பாகப்பிரிவினை ஆகிவிட்டதா என்று கேட்பார்கள்! வெளிச்சுற்றுக்கு ஒரு கோடு, ஒவ்வொரு முற்றத்துக்கும் உள்ளே ஒரு கோடு, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஐடி எடிட்டரில் (அந்த வரைபடத்தைத் தொகுக்கும் கருவி) சி விசையைத் தட்டினால் மல்டிபாலிகன், நடுவில் ஓட்டையுள்ள ஒரே வடிவம். வகுப்பாகச் சேர்ந்து வரைவதாக இருந்தால் ஓஎஸ்எம் விக்கியில் முதலிலேயே பதிந்துவிடணும். கூட்டாகத் தொகுப்பவர்களுக்கு 2018-லிருந்து அதற்கென்று வழிகாட்டி இருக்கிறது.

செக்காலை ரோடு:
ரஸ்தா அண்ணே, மார்க் திட்டம் யாரு கேட்டா? சரி, ரிவ்யூவுக்கு 30 என்றே வைப்போம். எந்த வரியை யார் எழுதியது என்று தெரியாமல் யாருக்குப் போடுவீர்கள்? மறுபடி கான்ஃபிக்தான். நாலு பேர் ஒரே புல் ரிக்வெஸ்டில் வேலை செய்து, கிட்ஹப்பில் ஸ்குவாஷ் மெர்ஜ் (எல்லாக் கமிட்டையும் ஒன்றாக்கிச் சேர்ப்பது) ஆனால், திறந்தவர்தான் ஆத்தர். மற்ற மூவரும் கோ-ஆத்தர் வரிக்குப் போவார்கள். அங்கே இருக்கும் ஈமெயில் அவரவர் கணக்கில் சேர்க்கப்படாவிட்டால் பெயர் வெறும் எழுத்தாக நிற்கும். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்தான், ஆனால் கல்லூரி ஈமெயிலைப் போட்டிருந்து, டிகிரி முடிந்ததும் அதை மூடிவிட்டால் உறுதிசெய்யும் மெயில் எங்கே வரும்? சொந்த ஈமெயிலைப் போடச் சொல்லுங்கள், முதல் லேப்பிலேயே.