தாத்தாவின் வைத்திய நோட்டு, ஃபிலிம், ஓலைச்சுவடி: எதற்கு எந்த ஸ்கேனர்?

குடந்தைவாசி:
வணக்கம். எங்கள் தாத்தா கும்பகோணம் பக்கம் சித்த வைத்தியம் பார்த்தவர். அவருடைய பெட்டியில் மருந்து முறைகள் எழுதிய தடிமனான கணக்கு நோட்டுகள், கறுப்பு வெள்ளை போட்டோக்கள், அவற்றின் ஃபிலிம், ஒரு கட்டு ஓலைச்சுவடி இருக்கின்றன. வீட்டில் பிரிண்டரோடு சேர்ந்த ஸ்கேனர்தான் உண்டு. அதில் நோட்டைக் கவிழ்த்தால் தையலை ஒட்டிய எழுத்தெல்லாம் மங்கிப்போகிறது. அழுத்தினால் பைண்டிங் விடுகிறது. சுவடியில் சில ஓலைகள் ஒட்டிக்கிடக்கின்றன. ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் மாமா பையன், "சி.டி. மெஷினில் வைத்துப் பார்க்கலாமா?" என்கிறான். புதிதாக ஒரு ஸ்கேனர் வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகுமா?

ஏடுகாப்போன்:
தம்பி, ஆகாது. நான் ஒரு நூலகத்தில் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்யும் பிரிவில் இருக்கிறேன். பொருளைப் பார்த்துத்தான் மெஷினை முடிவு செய்வோம்.

முதலில் நோட்டு. பிரிண்டரோடு வருகிற ஸ்கேனர்களில் படத்தைப் பதியும் பாகம் பெரும்பாலும் சி.ஐ.எஸ். என்ற வகை சென்சார்தான். கண்ணாடியில் ஒட்டிப் படிந்திருப்பது மட்டுமே அதற்குத் தெளிவாகத் தெரியும். தாள் சில மில்லிமீட்டர் தூக்கினாலே மங்கிவிடும். சி.சி.டி. என்ற இன்னொரு வகை சென்சார் உள்ள பிளாட்பெட் (தட்டைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைக்கும் ஸ்கேனர்) அந்தத் தூக்கலைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் தைத்த நோட்டுக்கு அதுவும் வேண்டாம், ஏனென்றால் கவிழ்த்து அழுத்துவதே தப்பு. நோட்டை மேல்நோக்கி விரித்து, இரண்டு பக்கமும் தடித்த புத்தகங்களை அண்டைகொடுத்து, முழுக்கப் பிளக்காமல் வைத்துக்கொண்டு, நேர் மேலே ஸ்டாண்டில் கேமராவையோ நல்ல போனையோ பொருத்தி எடுங்கள். இரண்டு பக்கமிருந்தும் வெளிச்சம், பிளாஷ் கூடாது. முதல் பக்கத்தோடு ஒரு ஸ்கேலையும் சேர்த்து எடுத்துவையுங்கள். பிறகு அளவு தெரியும். தாள்களைப் பிரித்து, தாளைத் தானே உள்ளிழுக்கும் ஃபீடரில் விடலாம் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். பழைய தாள் உருளையில் சிக்கிக் கிழிந்தால் மருந்து முறையே போய்விடும்.

போட்டோவுக்கு பிளாட்பெட் சரி. 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள், 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 பிக்சல் வரும். தரம் குறையாத டிஃப் ஃபைலாகச் சேமித்து, வாட்ஸ்அப்பில் அனுப்ப ஜேபெக் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிலிமுக்கு மூடியிலும் விளக்குள்ள ஸ்கேனர் வேண்டும். 35 மி.மீ. ஃபிலிம் என்றால் 2400 டி.பி.ஐ.க்குக் குறையாதீர்கள். தூசியைத் தானே நீக்குகிற அகச்சிவப்பு வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் உருவமே வெள்ளித்துகள்தான். அதையும் தூசி என்று எடுத்துக்கொண்டு படத்தைக் கெடுத்துவிடும். பஞ்சு போன்ற மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டாலே போதும்.

ஓலையை எந்த ஸ்கேனரிலும் வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். காய்ந்த ஓலை அழுத்தினால் நீளவாக்கில் விரிசல் விட்டுவிடும். ஒட்டியதைக் கத்தியால் நெம்பவும் வேண்டாம். சுவடிகளைப் பாதுகாக்கும் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் உங்களுக்குப் பக்கம்தான், அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். எழுத்து தெரியாத ஓலைக்கு மை தடவுவது, எலுமிச்சைப்புல் தைலம் பூசுவது எல்லாம் பழகின கை செய்ய வேண்டியது. வைத்தியச் சுவடி என்று குறைத்து நினைத்துவிடாதீர்கள். யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் 1997இல் இந்தியாவிலிருந்து இடம்பெற்றதே சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடிகள்தான்.

ரேடியோ_டெக்:
மாமா பையன் கேட்டதற்கு நான் சொல்கிறேன், சி.டி. மெஷினில்தான் என் வேலை. அவர் யோசனை நடக்காத காரியம் இல்லை. சாக்கடல் அருகே என்கெதியில் 1970இல் கிடைத்த, கரிக்கட்டையாகிப்போன தோல் சுருளை அப்படித்தான் படித்தார்கள். மிக நுண்ணிய வெட்டுகளாகப் படமெடுக்கும் மைக்ரோ சி.டி. எடுத்து, கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிரென்ட் சீல்ஸ் குழுவினர் அதைக் கணினியிலேயே விரித்தார்கள். உள்ளே விவிலியத்தின் லேவியர் நூல் இருந்தது.

ஆனால் எங்கள் மெஷின் மனித உடம்புக்கானது. மிக மெல்லிய வெட்டே அரை மி.மீ. வாக்கில்தான் வரும். ஓலையின் தடிமனே ஏறக்குறைய அவ்வளவுதான், எழுத்தாணிக் கீறல் அதைவிட நுட்பம். அது எங்கள் மெஷினில் ஒரே சாம்பல் கட்டையாகத்தான் தெரியும்.

குடந்தைவாசி:
இருவருக்கும் நன்றி ஐயா. சுவடியைத் துணியில் சுற்றி எடுத்து வைத்துவிட்டேன். இன்னொரு சந்தேகம். நோட்டைப் படம் எடுத்தபின், எழுத்தைத் தானாக டைப் செய்து தரும் ஓ.சி.ஆர். உதவுமா?

ஏடுகாப்போன்:
அச்சுப் புத்தகமாக இருந்தால் தாராளமாக. கூகுள் டிரைவே தமிழ் அச்சை நன்றாகப் படிக்கும். கையெழுத்தில் நம்பாதீர்கள். பழைய ஆட்கள் புள்ளி வைக்காமல் எழுதுவார்கள். ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். வராகன், பலம் போன்ற நிறைகளுக்குக் குறியீடுதான் போட்டிருப்பார்கள், எண்ணும் தமிழ் எண்ணாக இருக்கும். பாஷாணம் என்ற நச்சுச் சரக்கு சேர்க்கும் முறையில் ஒரு குறியீடு மாறினால் மருந்து நஞ்சாகிவிடும். படத்தைத் திரையில் ஒருபக்கம் திறந்துவைத்து நீங்களே டைப் செய்யுங்கள். புரியாத குறியீட்டை ஊகித்து நிரப்பாமல், அந்த இடத்தை விட்டுவிட்டுப் படத்தை இங்கே போடுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள்.