தம்பியின் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை

முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொடுத்த, அபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரையில்தான் என் தம்பிக்கு ஆரம்பித்தது. வலி போன பிறகும் அவனால் மாத்திரையை விட முடியவில்லை. மனநல மருத்துவரிடம் போனால், "முதலில் போதையை நிறுத்திவிட்டு வாருங்கள், மனச்சோர்வை அப்புறம் பார்க்கலாம்" என்றார். மீட்பு மையத்தில் அவனுடைய மனச்சோர்வு மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டார்கள். மூன்றாவதாகப் போன இடத்தில்தான் இரண்டையும் ஒரே மருத்துவர் பார்த்தார்.

அந்த மாத்திரைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் புப்ரெனார்ஃபின் மருந்தை ஆரம்பித்த நாள் மறக்காது. முந்தின நாள் மாலையிலிருந்தே எதுவும் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காலையில் கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கு ஒழுகல், கையெல்லாம் சிலிர்ப்பு. இன்னும் ஏன் கொடுக்கவில்லை என்று நர்ஸிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் நாடி பார்த்தார், கண்மணியைப் பார்த்தார், தாளில் மதிப்பெண் போட்டார். "இன்னும் கொஞ்சம் பொறுங்கள் அம்மா." பழைய மருந்து உடம்பில் இருக்கும்போதே கொடுத்தால் புதியது அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளுமாம். ஆனால் அதன் வேகம் பாதிதான் என்பதால், அவஸ்தை மொத்தமும் ஒரே அடியாக வந்துவிடும். 11 மணிக்கு நாக்குக்கு அடியில் வைத்தார்கள். விழுங்கக் கூடாது, தானாகக் கரைய வேண்டும். கொஞ்ச நேரத்தில் காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டு, "பசிக்குதுக்கா" என்றான்.

ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். தினமும் ஒழுங்காக வேலைக்குப் போகிறவனைப் பார்த்துக்கொண்டேதான் கேட்கிறார்கள்!

—

அக்கா, என் பிரச்சினை குடி. ஒருநாள் ரோஷத்தில் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினேன். இரண்டாம் நாள் வலிப்பு வந்துவிட்டது. தினமும் நிறையக் குடிப்பவர்கள் மருத்துவர் துணை இல்லாமல் அப்படி நிறுத்தவே கூடாது என்று அப்புறம்தான் தெரிந்தது.

இப்போது குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரை, தினம் 50 மில்லிகிராம். குடித்தால் வாந்தி வரும் என்று பயந்தேன். அப்படிச் செய்வது டைசல்ஃபிரம் என்ற வேறு மருந்தாம். இதில் குடித்தாலும் அந்த கிக் மட்டும் சப்பென்று போய்விடுகிறது. மூன்றாவது வாரம் சறுக்கினேன், இரண்டாவது கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மருத்துவர் திட்டவில்லை, "அன்றைக்கு முந்தின இரவு தூங்கினீர்களா?" என்றுதான் கேட்டார். பதற்றத்தை அடக்கத்தான் இத்தனை வருடமும் குடித்திருக்கிறேன் என்பது அந்தப் பேச்சில்தான் வெளியே வந்தது. இப்போது அதற்கும் அவரே சிகிச்சை தருகிறார்.

ஒன்று அக்கா, எனக்கு நன்றாக இருக்கிறதே என்று இதைத் தம்பிக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவர் எடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் அன்று காலை பட்ட பாடு பல மடங்காகத் திரும்பி வரும்.

—

டைசல்ஃபிரம் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. அப்பாவுக்குத் தெரியாமல் அதைச் சாப்பாட்டில் கலந்தோம். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தோம். அன்று மாலை குடித்துவிட்டு வந்தவருக்கு முகம் செக்கச்செவேல் என்று ஆகி, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி, ஆம்புலன்ஸில்தான் கொண்டுபோனோம். அவருக்குத் தெரியாமல் கொடுக்கவே கூடாத மருந்து என்று மருத்துவர் எங்களைப் பிடித்து உலுக்கிவிட்டார். நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த ஆபத்து இருக்குமாம்.

இப்போது சிறுநீரகப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, குடியை விட்டவர்கள் மறுபடி குடிக்காமல் இருக்க உதவும் அகாம்ப்ரோசேட் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை. நாங்கள் எடுத்துக் கொடுத்தால் வாங்குவதில்லை. அட்டையைக் கையில் வாங்கி, பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, தானே பிரித்துப் போட்டுக்கொள்கிறார்.