98 மாடல் ஜிப்ஸி கிங்: எஞ்சினை மாற்றாமல் இழுவையைக் கூட்ட முடியுமா?

கேள்வி — மேல்மலை413

வண்டி 1998 ஜிப்ஸி கிங். கார்புரேட்டர், 1298 சிசி, எட்டு வால்வு ஜி13பிஏ எஞ்சின். டயர் 235/75 ஆர்15. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது மூன்று பேரும் சாமானும் இருந்தால் இரண்டாம் கியரை விட்டு எடுக்க முடியவில்லை. புகை இல்லை, ஆயில் குறையவில்லை. பட்டறைகளில் சொல்வது மூன்று: கூம்பு ஏர் ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்ஸர், ஹெட்டை (சிலிண்டர் மூடியை) அரைத்துச் சீவுவது. இதில் எது முதலில்? எவ்வளவு கிடைக்கும்?

பதில் — டேப்பெட்

மூன்றையும் ஓரமாக வையுங்கள். முதலில் இழுவை எங்கே போகிறது என்று பார்ப்போம்.

இந்த எஞ்சின் புதிதாக இருக்கும்போதே சுமார் 60 குதிரைதான். கொடைக்கானல் உயரம் ஏறக்குறைய 2100 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் நல்ல எஞ்சினே 48 குதிரைக்கு இறங்கிவிடும். அடுத்து டயர். கம்பெனி டயர் 205/70 ஆர்15 என்றால் விட்டம் 668 மி.மீ. உங்களுடையது 733. கிட்டத்தட்ட 10 சதவீதம் பெரிது, எல்லா கியரிலும் இழுவை அந்த அளவு போச்சு. எந்த ஃபில்டரும் இதைத் திருப்பித் தராது.

இனி எஞ்சின். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) கேஜ் வைத்துப் பாருங்கள்: எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நாலு பிளக்கும் கழற்றி, காயில் வயரை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்தாறு சுற்று கிராங்க் அடிக்க வேண்டும். பாதி மிதித்தால் அளவு பொய் சொல்லும். சமவெளியில் சதுர செ.மீ.-க்கு 14 கிலோ நல்லது, 12-க்குக் கீழே மோசம், சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 1 கிலோவைத் தாண்டக் கூடாது. மலை மேலே அளந்தால் நல்ல எஞ்சினும் 11 பக்கம்தான் காட்டும், அதைப் பார்த்து ரிங் போச்சென்று பிரித்துவிடாதீர்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

டேப்பெட் கேப் (வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவில் உள்ள இடைவெளி), எஞ்சின் ஆறியிருக்கும்போது: இன்டேக் 0.13–0.17 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.16–0.20. லாக் நட்டை முறுக்கியதும் கேப் நகரும், அதனால் முறுக்கிய பிறகு மறுபடி ஃபீலர் (அளவுத் தகடு) விட்டுப் பார்க்க வேண்டும். டேப்பெட் சத்தமே இல்லையென்று சந்தோஷப்படாதீர்கள். எக்ஸாஸ்ட் கேப் அடைத்துக்கொண்டால் வால்வு சரியாக உட்காராது, சீட்டுக்கு வெப்பத்தைக் கடத்த முடியாமல் கருகும்.

இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) 800 ஆர்பிஎம்-மில், பிஸ்டன் உச்சிக்கு வர 10 டிகிரி முன்னே, டைமிங் லைட் வைத்துப் பார்க்கவும். காதால் வைத்த டைமிங்கில் பாதி வண்டி பின்தங்கித்தான் ஓடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் ஹோஸை வாயால் உறிஞ்சினால் உள்ளே தட்டு நகர வேண்டும், நாக்கால் அடைத்துப் பிடித்தால் அப்படியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டயாஃப்ரம் கிழிசல். பிளக் கேப் 0.7–0.8.

பதில் — மெயின்ஜெட்

டேப்பெட் சொன்னதோடு கார்புரேட்டரையும் சேருங்கள். ஒருவர் உள்ளே பெடலை முழுக்க மிதிக்க, நீங்கள் ஏர் கிளீனரைக் கழற்றி மேலிருந்து பாருங்கள். முதல் பேரலின் (காற்றுக் குழாயின்) பட்டர்ஃப்ளை தட்டு நேர் செங்குத்தாக நிற்கிறதா? தடித்த ரப்பர் மேட் போட்டு, கேபிள் தொய்ந்து, முக்கால் த்ராட்டிலில் ஓடும் வண்டிகள் ஏராளம். இரண்டாவது பேரல் வேக்யூமில் திறப்பது, அதனால் எஞ்சின் நிற்கும்போது பெடலுக்கு அசையாது. அதன் ராடை விரலால் தள்ளி, வேக்யூம் துளையை அடைத்துக்கொண்டு விடுங்கள். உடனே திரும்பி வந்தால் டயாஃப்ரம் ஓட்டை, இத்தனை நாளும் பாதி கார்புரேட்டரில் மலை ஏறியிருக்கிறீர்கள்.

ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) பற்றி எல்லோரும் பாதிதான் சொல்வார்கள். 2000 மீட்டரில் காற்றின் அடர்த்தி குறைவதால் கலவை சுமார் 10 சதவீதம் ரிச்சாகும் (பெட்ரோல் மிகும்), மெயின் ஜெட் விட்டத்தை 5 சதவீதம் குறைக்க வேண்டும், 100-க்கு 95 என்ற கணக்கு. ஆனால் இப்போது பெட்ரோல் பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு 13.5 போதும், அதாவது பழைய ஜெட்டில் 8, 9 சதவீதம் லீனாக (பெட்ரோல் போதாமல்) ஓடும். இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துவிடும்! ஆகவே மேலேயே ஓடும் வண்டிக்கு ஜெட்டைத் தொடாதீர்கள். சமவெளியில்தான் அதிகம் ஓட்டுவீர்கள் என்றால் ஒரு சைஸ் பெரிது. முழு லோடில் ஏறிக்கொண்டே ஆஃப் செய்து பிளக்கைப் பாருங்கள்: இளம் பழுப்பு சரி, சுண்ணாம்பு வெள்ளை லீன், கரி படிந்தால் ரிச்.

பழைய பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள், எத்தனால் அவற்றை ஊற வைத்து உரிக்கும்.

கூம்பு ஃபில்டர் வேண்டவே வேண்டாம். பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைத்தான் அது குடிக்கும். 10 டிகிரி சூடு ஏறினால் அடர்த்தி 3 சதவீதம் போகும். மண் ரோட்டில் தூசி வேறு, ரிங்குக்கு அரைப்புப் பொடி போட்டது போல. ஒரிஜினல் டப்பாவையே வைத்து, அதன் மூக்கிலிருந்து ஹெட்லைட் பக்கம் வரை 2 அங்குல டக்ட் இழுங்கள். செலவு சொற்பம்.

பதில் — பல்சக்கரம்

எஞ்சினைச் சரி செய்த பிறகும் டயர் கடன் அப்படியே நிற்கும். அதை அடைக்க இடம் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது கியர்பாக்ஸுக்குப் பின்னால் முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி. உங்கள் வண்டியில் இருக்கும் சுசுகி எஸ்ஜே413 வகை கேஸில் கியர் விகிதம் ஹை 1.409, லோ 2.268. பழைய 1000 சிசி எஸ்ஜே410 கேஸில் 1.588, 2.511. அந்தக் கியர் கிடைத்தால் ஹையில் 12.7 சதவீதம் கூடுதல் இழுவை, டயர் தின்றதைவிடக் கொஞ்சம் அதிகம். சந்தையில் வாங்கும்போது பல்லை எண்ணிப் பாருங்கள், பெயரை நம்ப வேண்டாம். பேரிங், சீல் எல்லாம் அப்போதே புதிது போடுங்கள். ஸ்பீடோமீட்டர் கேஸின் அவுட்புட் பக்கம் இருப்பதால் கியர் மாற்றத்தால் அது மாறாது, ஆனால் டயரால் ஏற்கெனவே குறைத்துக் காட்டிக்கொண்டிருக்கும்: மீட்டரில் 60 என்றால் நிஜத்தில் 66.

வேலையே வேண்டாம் என்றால் 215/75 ஆர்15 போடுங்கள். 703 மி.மீ., இழப்பு பாதியாகும்.

ஜாக்கி போட்டு நாலு சக்கரத்தையும் கையால் சுற்றவும் மறக்காதீர்கள். பிரேக் உரசிக்கொண்டே ஓடும் வண்டிக்கு எஞ்சின் வேலை செய்வது வீண்.

மேல்மலை413

எல்லோருக்கும் நன்றி. அப்போ ஹெட் சீவுவதும், ஃப்ரீ ஃப்ளோவோடு போடும் ஹெடரும் (தனித்தனிக் குழாய் வைத்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்) சுத்தமாக வேண்டாமா? கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரில் ஓடும் 80 குதிரை எம்பிஎஃப்ஐ எஞ்சினையே இறக்கிவிடு என்றும் ஒருவர் சொன்னார்.

பதில் — டேப்பெட்

ஹெட்: கம்ப்ரஷன் விகிதம் 9-க்குப் பக்கம். அரை மி.மீ. சீவினால் எரிகலன் 2 சிசிக்கும் கொஞ்சம் குறைவாகச் சுருங்கும், விகிதம் 9.3 ஆகலாம். பவர் ஒரு சதவீதம் கூடினால் அதிகம். ஹெட் இறங்குவதால் கேம் டைமிங்கும் லேசாகப் பின்வாங்கும். கேஸ்கெட் போய் ஹெட் வளைந்திருந்தால் சமப்படுத்தும் அளவுக்கு மட்டும் சீவலாம்.

ஹெடர்: 4-2-1 வடிவம் (நாலு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாவது), பின் குழாய் 1¾ அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கிடைக்கும் மூன்று நான்கு குதிரையும் 4000 ஆர்பிஎம்-முக்கு மேலேதான். 2 அங்குலத்துக்குப் போனால் கொண்டை ஊசியில் வேண்டிய கீழ் இழுவை குறையும், சத்தம் மட்டும் கூடும். போலீஸ் பிடிப்பதும் அந்தச் சத்தத்துக்குத்தான். ஹெடர் வாங்கும் முன் பழைய மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் கரிக் கோடு இருக்கிறதா பாருங்கள், லீக்காக இருக்கலாம்.

எம்பிஎஃப்ஐ நல்ல எஞ்சின்தான், ஆனால் அது சுலப வேலை இல்லை. ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்), முழு வயரிங், டேங்க்குக்குள் ஹை பிரஷர் பம்ப், ரிட்டர்ன் லைன் எல்லாம் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் எஞ்சின் எண்ணை ஏற்றாமல் ஓட்டினால், இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் நேரத்தில் சிக்கும்.

வரிசை இப்படி: கம்ப்ரஷன், டேப்பெட், டைமிங், கார்புரேட்டர், பிரேக், பிறகு டயர் அல்லது கியர். கம்ப்ரஷன் அளவுகளை இங்கே போடுங்கள், எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்பதையும் சேர்த்து.